கோளாறு மூக்கில் இல்லை!

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்நாப்சாட் போன்றவற்றில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாதபடி சட்டமே கொண்டு வந்துவிட்டார்கள். 'நம்ம ஊர்லயும் இப்படி ஒண்ணு வந்தா தேவலை' என்று பெருமூச்சு விடாத அம்மா உண்டா? எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால், போனைப் பிடுங்கினாலும் சரியாகாத ஒரு வியாதி இருக்கிறது, சகோதரிகளே.

எங்கள் தெருவில் பிளஸ் டூ படித்த பெண் ஒருத்தி. கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க்கை ஊரே கழற்றி எறிந்த பிறகும் அவள் கழற்றவில்லை. மூக்கு கோணலாம்! நானும் உற்று உற்றுப் பார்த்துவிட்டேன், மூக்கு மூக்காகத்தான் இருக்கிறது. பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் கண்ணாடி. கல்யாண வீட்டில் போட்டோ என்றால் ஓட்டம். கடைசியில் டியூஷனுக்கே முழுக்கு. 'மேனாமினுக்கி' என்று பாட்டி திட்டினாள். அம்மாவோ, 'நீ ராஜாத்தி மாதிரி இருக்கேடி' என்று நாளுக்கு இருபது தடவை சொல்லி அலுத்தே போனாள்.

இரண்டு பேர் சொன்னதும் எடுபடவில்லை. ஏனென்றால் இது மினுக்கலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர்' என்று டாக்டர்கள் சொல்லும் மனநோய். இல்லாத குறையை, அல்லது கடுகளவு குறையை, மலையாகப் பார்ப்பது. என்னமோ செல்போன் கொண்டு வந்த புது நோய் என்று நினைக்க வேண்டாம். மார்செல்லி என்ற இத்தாலிய மனநல மருத்துவர் 1891-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். அப்போது ஏது செல்ஃபி?

நூற்றுக்கு இரண்டு பேருக்கு இது இருக்கலாம் என்கிறார்கள். பெரும்பாலும் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் தலைகாட்டுகிறது. ஆண்பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். 'உடம்பு ஏறவே மாட்டேங்குது' என்று ஜிம்மே கதியாகக் கிடக்கிற பையனையும் கொஞ்சம் கவனியுங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் 2007-ல் இந்த நோயாளிகளுக்கு முகங்களின் படங்களைக் காட்டி, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நாம் முகத்தை முழுசாகப் பார்க்கிறோம். இவர்கள் மூளையோ நுணுக்கங்களையே துருவுகிறதாம். அப்புறம் 'நல்லாத்தான் இருக்கே' என்று சொன்னால் எப்படி மனசில் ஏறும்? கை கழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறை கழுவியதும் இரண்டு நிமிஷம் நிம்மதி, பிறகு மறுபடி அரிப்பு. அதே கதைதான் இதுவும். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிட்டது.

அந்தப் பெண்ணை முதலில் அழைத்துப் போனது பார்லருக்கு. பிறகு தோல் டாக்டர். அதன் பிறகு மூக்கு ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரணை! இதுதான் வயிற்றெரிச்சல். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் செய்தாலும் திருப்தி வருவதில்லை. மூக்கு முடிந்தால் தாடை, தாடை முடிந்தால் பல். நகையை விற்ற பணம் போவதுதான் மிச்சம்.

நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து, உடம்பைத் திருத்திய விளம்பரப் படத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். வெளியாட்கள் செய்து போட்ட முக ஃபில்டர்களை 2025 ஜனவரியில் மெட்டா கம்பெனியும் எடுத்துவிட்டது. நல்லதுதான். எரிகிற அடுப்பில் ஒரு விறகைக் குறைத்த மாதிரி. நம் நாட்டில்கூட 2020-ல் ஒரு பிரபல கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' போய்விட்டதே! நம் வீட்டுக் கூடத்திலிருந்து 'கலர் கம்மி' போயிற்றா? கேலி பேச்சும் இந்த நோய்க்கு ஒரு விறகு.

சரி, வைத்தியம் என்ன? பேச்சு வழிச் சிகிச்சை ஒன்று. 'எல்லாரும் என் மூக்கையே பார்க்கிறார்கள்' என்ற எண்ணத்தைப் படிப்படியாகச் சோதித்துப் பார்க்க வைக்கிறார்கள். முதலில் மாஸ்க் இல்லாமல் மாடிக்கு, அப்புறம் மூலைக் கடைக்கு, பிறகு பஸ்ஸுக்கு. கண்ணாடி நேரத்தையும் குறைக்க வேண்டும். தேவைப்பட்டால் ஃபுளூவாக்ஸெடின் போன்ற மாத்திரை. பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். 'கேட்கலை' என்று நாமாக நிறுத்தக் கூடாது. சின்ன வயதினருக்கு ஆரம்ப வாரங்களில் சாகிற எண்ணம் வருகிறதா என்று கூடவே இருந்து கவனிக்க வேண்டும். மாத்திரை இல்லாமலேயே இந்த நோயில் அந்த ஆபத்து அதிகம். 'சும்மா மிரட்டுறா' என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் நாம் செய்யக் கூடியது, அழகைப் பற்றிய வாக்குவாதத்தை நிறுத்துவது. 'மூக்கு எப்படி இருக்கு?' என்று அவள் கேட்டால், 'உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுதும்மா, டாக்டர்ட்ட பேசலாம்' என்று மட்டும் சொல்லலாம். முதலில் அவள் கோபப்படத்தான் செய்வாள்.

'மனநோய் டாக்டரா? நாளைக்கு எவன் கட்டிப்பான்?' என்று எங்கள் தெரு அம்மாவும் ஆறு மாதம் தயங்கினாள். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு, காசில்லை. அவ்வளவு தூரம் போக மனசில்லையா? 2022-லிருந்து மத்திய அரசின் டெலி மானஸ் இருக்கிறது. 14416-க்குப் போன் செய்தால் இலவசமாக, எந்த நேரத்திலும், தமிழிலேயே பேசுவார்கள். பெண்ணுக்குத் தெரியாமல் முதலில் அம்மாவே பேசிப் பார்க்கலாம்.

— ஒரு வாசகி, கும்பகோணம்.