மூச்சு விடாதீர்கள்!

மைனஸ் 20 டிகிரி குளிர் எப்படி இருக்கும் என்று கனடாவில் இருக்கும் என் மைத்துனனிடம் போனில் கேட்டேன்.

"ஃபிரிட்ஜில் ஐஸ் வைக்கிற மேல் தட்டைத் திறங்க மாமா. தலையை உள்ளே விட்டு, எதிரே டேபிள் ஃபேனை மூணுல போட்டுக்குங்க. அதுதான்."

அப்போதே டிக்கெட்டை ரத்து செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. போன பிப்ரவரியில் மாண்ட்ரியாலில் போய் இறங்கினேன். இறங்கிய மூன்றாம் நாள், ஊருக்கு வடக்கே லாரன்ஷியன் மலைப்பக்கம் ஸ்னோமொபைல் ஓட்ட அழைத்துப் போய்விட்டான். கியூபெக் மாநிலத்தில் இந்த வண்டிக்கென்றே முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பனிப்பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். நம்மூரில் நடக்கிறதுக்கு நாலடி பிளாட்பாரம் கிடைக்க மாட்டேன் என்கிறது!

ஸ்னோமொபைல் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சறுக்குப் பலகை மாட்டுங்கள். பின்சக்கரத்துக்குப் பதில் புல்டோசருக்கு இருப்பது போல ஒரு பட்டை, ஆனால் ரப்பரில். ஆக்ஸிலேட்டர் வலது கை கட்டை விரலில். கைப்பிடிக்கு ஹீட்டர் உண்டு. மூக்குக்குக் கிடையாது.

மூக்குதான் இந்தக் கதையின் வில்லன்.

வாடகைக்கு வண்டி கொடுத்த இடத்தில் ஹெல்மெட், கையுறை, ஸ்கூபா டைவர் மாதிரி ஒரு பெரிய கண்ணாடி எல்லாம் கொடுத்தார்கள். அதற்கு காகிள்ஸ் என்று பெயர். வழிகாட்டி அறுபது வயசு பிரெஞ்சுக்காரர். பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் பத்து நிமிஷம் பாடம் நடத்தினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆபீஸ் மீட்டிங்கில் வருஷக்கணக்காகப் பழகிய தலையாட்டல், பிசிறே இருக்காது.

அவர் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஹெல்மெட்டுக்குள் நான் ஊட்டிக்கு வாங்கிய மங்கி கேப்பையும், மாமியார் பின்னிய மஃப்ளரையும் மூக்கு வரை இழுத்துச் சுற்றி, ஓரத்தைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டேன். ஒரு துளி காற்று புகாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கிளம்பி இரண்டே நிமிஷம். உலகம் மறைந்துவிட்டது.

முதலில் கண்ணாடியின் அடி ஓரத்தில் லேசான வெண்மை. அப்புறம் அது மார்கழி மூடுபனி மாதிரி மேலே ஏறியது. உள்ளே நான் போட்டிருந்த பவர் கண்ணாடி வேறு தன் பங்குக்கு வெளுத்தது. முன்னால் போகும் மைத்துனனின் சிவப்பு விளக்கு மட்டும் ஒரு குங்குமப் பொட்டாகத் தெரிந்தது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகம். அதாவது விநாடிக்குப் பதினாலு மீட்டர். ஐந்து விநாடி கண் தெரியாவிட்டால் எழுபது மீட்டர் குருட்டாட்டம்.

நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். எப்படி நிறுத்துவது? பின்னால் ஒரு கல்லூரி மாணவி இதே வண்டியைச் சீழ்க்கை அடித்துக்கொண்டு ஓட்டி வருகிறாள். வயசான ஆசாமி பயந்துவிட்டார் என்று நினைக்க மாட்டாளா? பொட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். பொட்டு இடது பக்கம் நகர்ந்தது. நான் நகரவில்லை. அடுத்த கணம் வண்டி பாதையை விட்டு இறங்கி, இடுப்பளவு பனியில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. கண்ணாடியைக் கழற்றினேன். ஒரு ஸ்ப்ரூஸ் மரம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று என்னை விசாரித்தது.

வழிகாட்டி வந்தார். திட்டவில்லை. என் மஃப்ளரை ஒரு பார்வை, செருகியிருந்த ஓரத்தை ஒரு பார்வை. "நீங்கள் இங்கே ஒரு புகைபோக்கி கட்டியிருக்கிறீர்கள்" என்றார்.

விஷயம் இதுதான். நாம் விடும் மூச்சு சுமார் 34 டிகிரிச் சூடு, நீராவி நிரம்பியது. அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்றில் நாற்பது கிராம் வரை தண்ணீர் ஆவியாக ஒளிந்திருக்கும். அதே காற்று மைனஸ் 20-க்கு இறங்கினால் ஒரு கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? எது முதலில் குளிர்ந்து கிடக்கிறதோ அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். நமக்கு எதிரே தயாராக இருப்பது கண்ணாடி. மஃப்ளர் வாயை மூடியதால் மூச்சு வெளியே போக வழியில்லை. இருந்த ஒரே வழி மேலே, நேராகக் கண்ணுக்கு. கொஞ்சம் விட்டால் அந்த ஈரம் உறைந்து ஐஸாகவே படிந்துவிடும். அப்புறம் துடைக்க முடியாது, சுரண்டத்தான் வேண்டும்.

2020-ல் முகக் கவசமும் மூக்குக் கண்ணாடியுமாக ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு இந்தப் பாடமே வேண்டாம். அதே கதைதான். இங்கே வரிசை, அங்கே வேகம்.

தண்ணீர் படிவதே குற்றமில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அது பொடிப்பொடித் துளிகளாகப் படிவதுதான் குற்றம். ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைக் கண்ட திசையில் சிதறடிக்கிறது, நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதே தண்ணீர் மெல்லிய ஏடாகப் பரவிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. நல்ல காகிள்ஸின் உட்பக்கத்தில் தண்ணீரைப் பரத்திவிடும் ஒரு பூச்சு இருக்கும். தவிர, கண்ணாடி இரண்டு அடுக்கு, நடுவில் காற்று. பிளாஸ்க் மாதிரி. வெளி அடுக்கு உறைந்தாலும் உள் அடுக்கு முகத்துச் சூட்டில் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும்.

பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடிக்குத் துளி சோப்புத் தண்ணீர் தடவினாலும் அதே வேலையைச் செய்யும். ஆனால் சோப்பிடம் ஜாக்கிரதை. விண்வெளிக்குப் போனவர்களுக்கே இந்தத் தொல்லை உண்டு! 1966 ஜூனில் ஜெமினி 9-ஏ கலத்தை விட்டு வெளியே வந்து மிதந்த ஜீன் செர்னனுக்கு, வேலை செய்து வியர்த்ததில் ஹெல்மெட் முகப்பு முழுக்க வெளுத்துவிட்டது. கையை உள்ளே விட முடியாதே! மூக்காலேயே தேய்த்துச் சின்ன ஓட்டை போட்டு வெளியே பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் முகப்பின் உட்புறம் மருந்து பூசிக்கொண்டு போனார்கள். 2001 ஏப்ரலில் கிறிஸ் ஹாட்ஃபீல்ட், விண்வெளியில் நடந்த முதல் கனடாக்காரர், அந்த மருந்தைச் சரியாகத் துடைத்தெடுக்காமல் போக, அது கண்ணில் இறங்கிவிட்டது. எரிச்சல். கண்ணீர் வந்தது, ஆனால் அங்கே எடை கிடையாதே, வழியவில்லை. உருண்டையாகத் திரண்டு அடுத்த கண்ணுக்கும் போய்விட்டது. இரண்டு கண்ணும் மூடிப் பூமிக்கு மேலே தொங்கினார். அழுது அழுது மருந்து கரைந்தபின் வேலையை முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

எஸ்கிமோ என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தோமே, இன்யூட் மக்கள், அவர்களுக்கு இந்தக் கஷ்டம் எதுவுமில்லை. எலும்பிலோ தந்தத்திலோ மரத்திலோ கண் மறைப்பு செதுக்கி, நடுவே மெல்லிசாக ஒரு கோடு மட்டும் திறந்து வைத்தார்கள். பனி வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது. கண்ணாடியே இல்லை, எனவே மூடுபனியும் இல்லை. என்ன மூளை! ஆனால் அது ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்ததல்ல.

வழிகாட்டி சொன்னதையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத் தருகிறேன். லடாக் போகிறவர்களுக்குக்கூட உதவும்.

ஒன்று: மூச்சைக் கீழ்நோக்கி அனுப்புங்கள். ஸ்னோமொபைல் ஹெல்மெட்டில் மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் தடுப்பு ஒன்று உண்டு. அது மூச்சைக் கண்ணுக்குப் போகவிடாமல் திருப்பிவிடும். மஃப்ளரையோ குல்லாவையோ காகிள்ஸுக்கு அடியில் செருகவே கூடாது.

இரண்டு: நின்றால் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைக்காதீர்கள். சினிமா ஹீரோ மாதிரிதான் இருக்கும். ஆனால் நெற்றி வியர்வை ஆவி அத்தனையும் உள்ளே போய்விடும்.

மூன்று: உட்பக்கத்தைத் தேய்க்காதீர்கள். ஈரத்தில் பூச்சு சுலபமாக உரிந்துவிடும். மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி அல்ல, கன்னத்தில் பவுடர் ஒற்றுகிற மாதிரி.

நான்கு: அளவுக்கு மீறித் துணி போட்டு வியர்க்காதீர்கள். வியர்வையும் தண்ணீர்தான்.

ஐந்து: மேலும் கீழும் உள்ள காற்றுத் துளைகளைப் பனி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடினால் காற்று உள்ளே புகுந்து ஈரத்தை வாரிக்கொண்டு போகும். நின்றால்தான் ஆபத்து.

ஆறு: உலர்ந்த காகிள்ஸ் இன்னொன்று கோட்டுக்குள் இருக்கட்டும். நனைந்ததோடு மல்லுக்கட்டுவதை விட மாற்றுவது மேல். ராத்திரி அதைக் கணப்பு அடுப்பு மேல் காயப்போடாதீர்கள். அறைச் சூடே போதும்.

ஏழு: என்னைப் போல மூக்குக் கண்ணாடிக்காரர்கள், அதற்கு மேலேயே மாட்டும் அகலமான காகிள்ஸ் கேட்டு வாங்குங்கள். பணம் இருந்தால் வண்டி பேட்டரியில் சூடேறும் மின்சார முகப்பும் கிடைக்கிறது.

"சரி, வெளுத்துவிட்டால் கழற்றிவிட்டு ஓட்டினால் என்ன?" என்று கேட்டேன். மைனஸ் 20-ல் ஐம்பது கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 35. பத்து நிமிஷம் முதல் அரை மணிக்குள் கன்னம் உறைந்து மரத்துப்போகலாம். கண் திறக்கவே முடியாது.

"அப்படியானால்?"

"நிறுத்த வேண்டும். கையை உயர்த்தி, ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். நடுவில் அல்ல. பின்னால் வருகிறவருக்கும் வெளுத்திருக்கலாம்."

மதியம் ஒரு சின்ன விடுதியில் சூப் குடிக்கும்போது, இந்த வண்டி பிறந்த கதையைச் சொன்னார். இதே கியூபெக்கில் வால்கூர் என்ற ஊர். ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக். பனியில் ஓடும் வண்டி செய்ய வேண்டும் என்று பையன் வயசிலிருந்தே பைத்தியம். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் கடும் நோவு. குடல்வால் வெடித்துவிட்டது. சாலையெல்லாம் பனி. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இல்லை. அவர் செய்துகொண்டிருந்த வண்டி ஷெட்டில் பாதியில் நின்றது. குழந்தை பிழைக்கவில்லை.

1937-ல் அவர் காப்புரிமை வாங்கிய வண்டி ஏழு பேர் உட்காரும் மூடிய வண்டி. டாக்டர்களும் தபால்காரர்களும் அதில் போனார்கள். ஒருத்தர் இரண்டு பேர் ஏறி ஜாலியாக ஓட்டும் சின்ன வண்டி 1959-ல்தான் வந்தது. 1968 ஏப்ரலில் அமெரிக்க மின்னசோட்டாவைச் சேர்ந்த ரால்ஃப் பிளெய்ஸ்டெட் என்ற இன்ஷூரன்ஸ் விற்பனையாளர், நம்மை மாதிரி பாலிசி ஃபாரமோடு அலைந்த மனுஷர், கூட்டாளிகளோடு அந்த வண்டியிலேயே வட துருவம் வரைக்கும் போய்விட்டார்!

சூப் ஆறிவிட்டது. ஜன்னல் வழியே வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தேன். காலையில் பொம்மை மாதிரி இருந்தவை, இப்போது அப்படித் தெரியவில்லை.

திரும்பும்போது மங்கி கேப்பும் மஃப்ளரும் பைக்குள். ரப்பர் தடுப்பை மாட்டி மூச்சைக் கீழே விட்டேன். ஓர் ஏரிக் கரையில் பாதை திரும்பியது. கண்ணாடி ஓரத்தில் மறுபடி லேசாக வெளுப்பு. இந்தத் தடவை யோசிக்கவில்லை. கையைத் தூக்கினேன், ஓரம் கட்டினேன். பின்னால் வந்த மாணவியும் நிறுத்தினாள். "தேங்க்ஸ், எனக்கும் ஒன்றுமே தெரியவில்லை. நீங்கள் நிறுத்தாமல் நான் எப்படி நிறுத்துவது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

வழிகாட்டி ஏரியைக் காட்டினார். ஓடை வந்து கலக்கிற இடத்தில் மட்டும் பனியின் நிறம் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. அங்கே ஐஸ் மெல்லிசாம். வேறெதுவும் அவர் சொல்லவில்லை.

சென்னைக்குத் திரும்பியபின் மே மாதம். மேனேஜரின் ஏ.சி. ரூமிலிருந்து வெளியே வந்தேன். குப்பென்று மூக்குக் கண்ணாடி வெளுத்துவிட்டது. அப்படியே சுவரோரம் ஒதுங்கி, ஒரு கையை உயர்த்தி நின்றேன்.

"என்ன சார், ரொம்பத் திட்டிட்டாரா?" என்றான் ஆபீஸ் பையன்.