ஆற்றல் பெருகும் வேளை

ஓய்வு நேரத்தில் பள்ளித் திடலைப் பார்ப்போர் ஒரு காட்சியைக் காணத் தவறுவதில்லை. சிறுவர் இருவர் எதிரெதிரே நிற்பர்; ஒருவன் இரு கைகளையும் இடுப்பருகே குவித்து, உரத்த குரலெழுப்பி, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை மற்றவன்மீது எறிவான். இவ்விளையாட்டு சப்பானிய ஓவியர் அக்கிரா தோரியாமா படைத்த 'டிராகன் பால்' கதையிலிருந்து வந்தது. 1984 முதல் 1995 வரை வார இதழில் வரைகதையாக வெளிவந்த அது, தொலைக்காட்சிப் படமாகவும் உலகெங்கும் பரவிற்று. 2024ஆம் ஆண்டில் தோரியாமா மறைந்தார். அவர் படைத்த வீரர்களோ நம் காஹாங் வட்டாரச் சிறுவரிடையே இன்றும் உலவுகின்றனர்.

இத்தகைய படங்கள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பார் சிலர். அடிதடி மிகுந்த படம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பிள்ளைகள் பெரிதும் விரும்பும் ஒரு கட்டத்தை ஊன்றி நோக்கினால், அது சினத்தைப் போற்றும் கதையன்று, சினத்தின் விலையைக் கூறும் கதை என்பது விளங்கும். இதுவே என் கருத்து.

அக்கட்டம் இது. சிறந்த வீரர் பலரின் உயிரணுக்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட 'செல்' என்னும் அரக்கன், தன்னை வெல்வார் எவருமில்லையெனில் உலகையே அழிப்பேன் எனக் கூறிப் போட்டியொன்றை அறிவிக்கிறான். மாவீரன் கோகு அவனுடன் பொருதிவிட்டு, இடையிலே விலகி, தன் மகன் கோஹானைக் களத்தில் இறக்குகிறான். கோஹானுக்கு ஏறத்தாழ நம் ஐந்தாம் ஆண்டு மாணவரின் வயது. அவனுக்குப் போரில் விருப்பமில்லை. அவன் தாய் விரும்பியதும் கல்வியையே. அவனுள் உறங்கும் ஆற்றலைச் சினமூட்டி எழுப்ப எண்ணிய அரக்கன், அவனுடைய நண்பர்களை வதைக்கிறான். பறவைகளையும் இயற்கையையும் நேசித்த 'பதினாறு' என்னும் இயந்திர மனிதன், துண்டிக்கப்பட்ட தலையோடு கிடந்தும் உயிர்களைக் காக்குமாறு சிறுவனை வேண்டுகிறான். அரக்கன் அத்தலையை மிதித்து நொறுக்குகிறான். அக்கணமே கோஹானின் ஆற்றல் வெடித்தெழுகிறது, உருவும் மாறுகிறது. எண்டாவ் ரொம்பின் காட்டின் வாயிலில் வாழும் நம் பிள்ளைகளுக்கு, பறவைகளை நேசித்த அவ்வியந்திரத்தின் வேண்டுகோள் நெருக்கமாகவே ஒலிக்கும்.

மாணவச் செல்வங்களே, இங்கு இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளுங்கள். முதலாவது, அவ்வாற்றல் சினத்தால் மட்டும் வந்ததன்று. வெளியில் ஒரு நாள் கழிந்தால் உள்ளே ஓராண்டு கழியும் விந்தை அறையில், அவன் தந்தையுடன் அரும்பயிற்சி செய்திருந்தான். சிலம்பம் பயில்வோர் காலடிப் பயிற்சியிலேயே பல நாளைக் கழிப்பதும் இதனாலன்றோ? அடித்தளமில்லாதவன் எவ்வளவு சினந்தாலும் அவனுக்குத் தொண்டை வறள்வதே மிச்சம்.

இரண்டாவது செய்தி இதனினும் பெரிது. ஆற்றல் பெற்ற கோஹான் அரக்கனை நிலைகுலையச் செய்கிறான். உடனே முடித்துவிடு எனத் தந்தை கூவுகிறான். மகனோ, இவன் இன்னும் துன்புறட்டும் என மறுக்கிறான். அத்தாமதத்தைப் பயன்படுத்திக்கொண்ட அரக்கன், தன் உடலையே வெடிகுண்டாக்கி உலகை அழிக்க முனைகிறான். வேறு வழியின்றிக் கோகு அவனை உலகினின்று அப்பாற் கொண்டு சென்று தானும் மாள்கிறான். மீண்டு வந்த அரக்கனைக் கோஹான் பின்னர் வென்றான் என்பது மெய்யே. ஆனால், அவ்வெற்றிக்குக் கொடுத்த விலை தந்தையின் உயிர்.

நம் இலக்கியத்திலும் இதற்கு ஒப்பானதோர் உருமாற்றம் உண்டு. கம்பராமாயணத்தில், தன் வலிமையைத் தானறியாது நின்ற அனுமனுக்குச் சாம்பவான் அதனை எடுத்துரைக்கிறான். அனுமன் மலையினும் உயர்ந்து கடலைத் தாவுகிறான். அசோக வனத்திலும் சீதைக்குத் தன் பேருருவைக் காட்டுகிறான். ஆனால், அவள் வேண்டியதும் அதனை ஒடுக்கிக்கொள்கிறான். வளரத் தெரிந்தவனுக்குச் சுருங்கவும் தெரிந்திருந்தது. கோஹானுக்கு வளரத் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. தன் சினம் செல்லும் இடத்தில் அதனைக் காப்பதே உண்மையான அடக்கம் என வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துவதும் இதுவே. மெலியாரிடத்தில் சினம் எளிதிற் செல்லும். ஆகவே, வகுப்பில் வலிமை மிக்க மாணவனுக்கே இப்பாடம் முதலில் வேண்டும்.

பெற்றோரும் ஆசிரியரும் கற்க வேண்டியதும் இக்கதையில் உண்டு. மகனின் திறமையை நன்கறிந்த கோகு, அவனுடைய மனத்தை அறியவில்லை. அவன் விருப்பத்தைக் கேளாமலே களத்தில் இறக்கினான். சிறுவனின் ஆசான் பிக்கோலோ, அவன் போரை விரும்புபவன் அல்லன் என்றும், வாடுவதைக் கண்டும் தந்தை ஏன் காக்க வரவில்லை என்றே அவன் ஏங்குகிறான் என்றும் இடித்துரைத்த பின்னரே கோகு கலங்கினான். நாமும் நம் பிள்ளைகளை எத்தனை களங்களில் இப்படி இறக்குகிறோம்! 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் வழக்கம் மட்டும் நம் இல்லங்களை விட்டு அகலவில்லை. உன்னால் முடியும் என்று சொல்வதோடு, உனக்கு அச்சமாக உள்ளதா என்றும் கேட்பதே அன்பு.

ஆதலால், இப்படங்களைத் தடைசெய்வதால் பயனில்லை. பெற்றோர் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்கட்டும். அவன் ஏன் சினந்தான், எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என வினவட்டும். விடையைப் பிள்ளைகளே கூறுவர். உடல் வலிமையும் கல்வி வலிமையும் நம் மாணவரிடம் பெருகட்டும். அவற்றோடு, போதும் என்று நிற்கும் மனவலிமையும் வளரட்டும்.