மகன் கேட்கும் கேமரா



செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். "என் மகன் குறும்படம் எடுக்கப் பழைய கேனன் கேமரா ஒன்று கேட்கிறான். அதில் ஏதோ மென்பொருளைப் போட்டால் சினிமாப் படம் போல் தெளிவாக வருமாம். சீட்டு எடுத்த பணம் 1,500 வெள்ளி இருக்கிறது. நம்பிக் கொடுக்கலாமா?" என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, உங்கள் மகன் சொல்வது பொய்யன்று. ஆனால் முழுக் கணக்கையும் அவன் சொல்லியிருக்க மாட்டான். ஒருவேளை அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். இதனை இருவரும் சேர்ந்து படியுங்கள்.

அந்த மென்பொருளின் பெயர் மேஜிக் லேண்டர்ன். 2009-ஆம் ஆண்டில் டிராமெல் ஹட்சன் என்பவர் கேனன் 5டி மார்க் 2 கேமராவுக்காக இதனைத் தொடங்கினார். பின்னர் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். 2013-இல் 'ரா' வீடியோ எடுக்கும் வசதியும் வந்தது. இது இலவசம். இதற்கென்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

'ரா' என்றால் என்ன? பால் மரம் வெட்டிய நம் பெரியவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மங்கிலிருந்து எடுத்த பச்சைப் பாலை வேண்டியபடி பக்குவப்படுத்தலாம். உறைய வைத்து உருட்டி ஷீட்டாக்கிய பிறகு மாற்ற முடியுமா? சாதாரண வீடியோ அந்த ஷீட்டைப் போன்றது. கேமராவே நிறத்தையும் வெளிச்சத்தையும் முடிவு செய்து, சுருக்கிக் கொடுத்துவிடுகிறது. 'ரா' பச்சைப் பால். இருட்டில் தெரியாத முகத்தையும், வெயிலில் வெளுத்த வானத்தையும் பின்னர் கணினியில் ஓரளவு மீட்கலாம்.

ஆனால் பச்சைப் பாலுக்குப் பெரிய வாளி வேண்டும். 1920-க்கு 1080 அளவில், 14 பிட்டில், நொடிக்கு 24 படம் எடுத்தால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 87 மெகாபைட் கார்டில் எழுதப்பட வேண்டும். 32 ஜிகாபைட் கார்டு ஆறே நிமிடத்தில் நிரம்பிவிடும். ஒரு மணி நேரத்துக்கு 300 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். கேமரா அந்த வேகத்தில் எழுத முடியாவிட்டால் படப்பிடிப்பு பாதியில் தானாகவே நின்றுவிடும்.

ஆகையால் பழைய கேமரா வாங்கும்போது "எத்தனை மெகாபிக்சல்?" என்பது முதற் கேள்வி அன்று. "கார்டில் எவ்வளவு வேகமாக எழுதும்?" என்பதே முதற் கேள்வி.

2010-இல் வந்த 550டி விலை மலிவு. ஆனால் அதன் எஸ்டி கார்டு வழி நொடிக்குச் சுமார் 20 மெகாபைட்தான் எழுதும். விலையுயர்ந்த கார்டைப் போட்டாலும் வாய் குறுகிய குழாய் குறுகியதுதான். 2012-இல் வந்த இஓஎஸ் எம் சிறிய கேமரா. அது சுமார் 40 மெகாபைட் எழுதும். 1280-க்கு 720 அளவில் 10 பிட்டாக எடுத்தால் 28 மெகாபைட் போதும் என்பதால், புதிதாய்க் கற்பவனுக்கு அது ஏற்றது. வெளி ஒலிவாங்கி செருகவும் அதில் இடமுண்டு. படத்தில் சிறு புள்ளிகள் தோன்றுவது அதன் குறை. எம்எல்வி ஆப் என்னும் இலவச மென்பொருளால் அவற்றை நீக்கலாம்.

2008-இல் வந்த 50டி, 5டி மார்க் 2 ஆகிய இரண்டும் சிஎஃப் கார்டில் இதைவிட வேகமாக எழுதும். முழு அளவில் நிற்காமல் எடுக்க வேண்டுமானால் 2012-இன் 5டி மார்க் 3 வேண்டும். அதன் விலையும் அதற்கேற்ப அதிகம். 50டி கடைக்கு வந்தபோது அதில் வீடியோ வசதியே கிடையாது. மேஜிக் லேண்டர்ன்தான் அதனை வீடியோ எடுக்க வைத்தது. அதில் ஒலிவாங்கியும் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தமக்கை மகன் ஒலிவாங்கி இல்லாத ஒரு பழைய கேமராவை மலிவென்று வாங்கினான். லயன் வீட்டு வாசலில் எங்கள் அம்மாவை உட்கார வைத்து, அவர் தோட்டத்துக்கு வந்த கதையைச் சொல்லச் சொல்லிப் படம் எடுத்தான். முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாகத் தெரிகிறது. உதடுகள் அசைகின்றன. குரல் இல்லை. தனியாக ஒலிப்பதிவு செய்ய வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா இப்போது இல்லை. அந்தக் கேமராவின் மேல் குற்றமில்லை. கேட்டு வாங்காத எங்கள் மேல்தான் குற்றம்.

எனவே, தம்பி, நீ இவற்றைச் செய். 1,500 வெள்ளியில் பாதிக்கு மேல் கேமராவுக்குக் கொடுக்காதே. லென்ஸ், கார்டு, இரண்டு பேட்டரி, கணினிக்கு ஒரு வெளித்தட்டு ஆகியவற்றுக்கும் பணம் வேண்டும். ஒலிக்கு உன் கைப்பேசியே போதும். அதனைப் பேசுபவர் அருகே வைத்து, தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டு. அந்த ஓசையை வைத்துப் படத்தையும் ஒலியையும் பின்னர் இணைக்கலாம்.

வாங்கும் முன் கடையிலேயே சோதித்துப் பார். சிஎஃப் கார்டு செருகும் இடத்தில் மெல்லிய ஊசிகள் வளைந்திருக்கக் கூடாது. கேமராவில் இருக்கும் கேனன் மென்பொருளின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள். மேஜிக் லேண்டர்ன் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டதோ அதே பதிப்பு இருக்க வேண்டும். இது கேனன் நிறுவனம் தரும் மென்பொருள் அன்று. பழுது நேர்ந்தால் பொறுப்பு உன்னுடையது.

கல்யாணம், காதுகுத்து, திருவிழா ஆகியவற்றை எடுத்துச் சம்பாதிக்க எண்ணினால் 'ரா' வேண்டாம். நாலு மணி நேர விசேஷத்துக்கு முழு அளவில் 1,200 ஜிகாபைட்டுக்கு மேல் ஆகும். அங்கே சாதாரண வீடியோவே கை கொடுக்கும். ஐந்து நிமிடக் குறும்படத்துக்கும், திரும்பக் கிடைக்காத ஒரு முகத்துக்கும் 'ரா' தகும்.

சகோதரி, மேலே சொன்ன கணக்கை மகன் ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும். கார்டின் வேகமும் ஒலிக்கான வழியும் அதில் இருந்தால் பணத்தை நம்பிக் கொடுங்கள். முதற் படமாக வீட்டிலுள்ள மூத்தவரை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தவுடன் குரல் கேட்கிறதா என்று அன்றைக்கே போட்டுப் பாருங்கள்.