பேட்டைப் பட்டறையும் மாநகராட்சி டெண்டரும்

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாலு பேர் வேலை செய்கிறார்கள். கேட், கிரில், தள்ளுவண்டி என எதைக் கேட்டாலும் அடித்துக் கொடுப்பார்கள். காலையில் அந்தப் பட்டறை வாசல் வழியாகத்தான் தூய்மைப் பணியாளர் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். சக்கரம் கோணி, அச்சு கிறீச்சிட்டு, அடித்தகடு துருவேறி ஓட்டை விழுந்த வண்டி. “இதைவிட நல்லதா நாமளே செஞ்சு கொடுத்துரலாம்” என்பார் பட்டறைக்காரர். “அப்ப மாநகராட்சியில டெண்டர் போடுங்களேன் அண்ணாச்சி” என்றால் கையை உதறிவிடுவார்: “அதெல்லாம் ஆள் வச்சிருக்கவனுக்குல்லா. நமக்கு எதுக்கு?”

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, கதவைத் தட்டிப் பார்க்காமலே அது பூட்டியிருக்கிறது என்று நம்பியதால் வந்தது.

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவற்றைச் சேர்த்து 1994இல் மாநகராட்சியான ஊர் திருநெல்வேலி. நான்கு மண்டலம், 55 வார்டு. 2011 கணக்கெடுப்பின்படி நாலே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். சென்னை, கோவையோடு பார்த்தால் சின்ன ஊர்தான். ஆனாலும் பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, குழாய், மோட்டார் பழுது, அச்சு வேலை என்று ஆண்டு முழுக்க எதையாவது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டிய ஊர். 1843இல் தாமிரபரணிக்குப் பாலம் தேவைப்பட்டபோது சுலோசனா முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். இன்று ஒரு வாய்க்கால் தடுப்புச் சுவர் என்றாலும் டெண்டர்தான். அது நல்லதற்குத்தான்.

டெண்டருக்கென்று ஒரு சட்டமே இருப்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998இல் வந்தது. அதன் விதிகள் 2000இல் வந்தன. டெண்டர் அறிவிப்பு மாவட்ட அல்லது மாநில டெண்டர் புல்லட்டினில் வர வேண்டும். இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைத்தால், மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்தாக வேண்டும். ஈ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விலை பேசிக் குறைப்பதாக இருந்தாலும், குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டுமே பேசலாம். முடிவு தவறு என்று பட்டால் உத்தரவு கைக்குக் கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். கால் நூற்றாண்டாக இருக்கும் உரிமைகள் இவை. இவற்றைப் பயன்படுத்திய சிறு வியாபாரி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஆள் கிடைப்பது கஷ்டம்.

டெண்டர் பெட்டி வைத்திருந்த காலத்தில் பயத்துக்குக் காரணம் இருந்தது. பெட்டிக்கு முன்னால் நாலு பேர் நின்றுகொண்டால் ஐந்தாவது ஆள் உள்ளே போக முடியாது. இப்போது அந்தப் பெட்டி மாநில அரசின் மின் கொள்முதல் தளத்துக்குள் போய்விட்டது. எஸ்.என். ஹைரோட்டில் இருக்கும் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகாமலே, வீட்டுக் கணினியிலிருந்து விலை போடலாம். மறிக்க ஆள் இல்லை.

ஆனால் கணினி வேறு விதமாக மறிக்கிறது. விலை நிரப்ப வேண்டிய எக்செல் தாளைப் பதிவிறக்கிச் சேமிக்கும்போது, பழக்கதோஷத்தில் கோப்பின் பெயரை மாற்றினாலும் போச்சு. தளம் அதை ஏற்காது. டிஜிட்டல் கையொப்பம் பென் டிரைவ் போன்ற சின்ன டோக்கனில் வரும். அதன் ஆயுள் முடிந்திருந்தால் கடைசி நாள் இரவு தலையில் கை வைத்து உட்கார வேண்டியதுதான். கடைசி நேரம் மணி மூன்று என்றால் தளத்தின் கடிகாரத்தில் மூன்று, பட்டறைச் சுவர்க் கடிகாரத்தில் அல்ல. இரண்டு உறை முறையில், தகுதி ஆவணங்கள் உள்ள முதல் உறையில் ஒரு காகிதம் குறைந்தாலும் விலை உறையைத் திறக்கவே மாட்டார்கள். ஊரிலேயே குறைந்த விலை அதற்குள் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆகவே டெண்டர் என்பது பாதி காகித வேலை. அந்த வேலை அறிவிப்பு வந்த பிறகு தொடங்குவதல்ல. ஜிஎஸ்டி, பான், உத்யம் எனப்படும் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவு, தாசில்தாரிடம் வாங்கும் சொத்து மதிப்புச் சான்று, முன்பு செய்த வேலைக்கான சான்று எல்லாம் ஒரு ஃபைலில் முன்கூட்டியே இருந்தால், 15 நாள் தாராளம். இல்லாவிட்டால் சான்றுக்கு அலைவதிலேயே 15 நாளும் ஓடிவிடும். சிவில் வேலை என்றால் ஒப்பந்ததாரர் பதிவும் வேண்டும். முதல் முயற்சியே பெரிய வேலையாக இருக்க வேண்டியதில்லை. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், களக்காடு நகராட்சிகளிலோ ஒரு பேரூராட்சியிலோ சின்னதாக ஒரு சப்ளையை ஒழுங்காகச் செய்து சான்று வாங்கியவருக்கு மாநகராட்சி டெண்டரில் அனுபவம் கேட்கும்போது காட்ட ஒரு தாள் இருக்கும்.

விலை போடுவதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். எப்படியாவது முதல் வேலையைப் பிடித்துவிட வேண்டும் என்று அடிமாட்டு விலை போடுவார்கள். மதிப்பீட்டைவிட மிகக் குறைத்தால் கூடுதல் காப்புத்தொகை கேட்பார்கள் என்பது பிறகுதான் தெரியவரும். முடிந்த டெண்டர்களில் யார் என்ன விலை போட்டார்கள் என்பது அதே தளத்தில் கிடக்கிறது. பத்துப் பழைய டெண்டர்களைப் பார்த்தவருக்கு ஊரின் விலை பிடிபட்டுவிடும். அதற்கு யார் சிபாரிசும் வேண்டாம்.

இனி, யாரும் வெளியே சத்தமாகப் பேசாத விஷயம். பொருளைக் கொடுத்தாயிற்று, பில்லும் வைத்தாயிற்று, பணம் எப்போது வரும்? வேலை என்றால் ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) எம்.புக் எனப்படும் அளவுப் பதிவேட்டில் அளவு எழுத வேண்டும், பிறகு ஏ.இ. (உதவிப் பொறியாளர்), பிறகு கணக்குப் பிரிவு, அதற்கும் பிறகு நிதி இருக்க வேண்டும். இரும்புக் கடைக்காரர் 30 நாள் கடன் கொடுப்பார். 31ஆம் நாள் போன் அடிப்பார். பட்டறைக்காரர் விலையோடு இந்தக் காத்திருப்புக்கான வட்டியையும் சேர்த்துத்தான் போட வேண்டும். போடாதவர் நஷ்டப்படுகிறார். போட்டால் பெரிய ஒப்பந்ததாரரிடம் விலையில் தோற்கிறார். உள்ளூர்ச் சிறு தொழில்களை வெளியே நிறுத்துவது ஆள்பலத்தைவிட இந்தத் தாமதம்தான் என்று தோன்றுகிறது.

இதற்கும் சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் வாங்கியவர் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் மாதக் கூட்டுவட்டி. முறையிட வசதியாக்க மன்றம் இருக்கிறது. இரண்டு எச்சரிக்கை: செய்து விற்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் இந்தப் பாதுகாப்பு, வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை. உத்யம் பதிவு ஒப்பந்தத்துக்கு முன்பே இருப்பது நல்லது; பிற்பாடு பதிந்துவிட்டு வட்டி கேட்டவர்களின் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய் இழுபட்டன. ஆனால் அடுத்த வேலையும் அதே அலுவலகத்தில்தான் என்னும்போது, வட்டி கேட்டு மனுப் போட யாருக்குத் தைரியம் வரும்? சட்டம் இந்த இடத்தில் நொண்டுகிறது.

இதே மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் இருக்கின்றன. மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, மத்தியத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். மாநகராட்சிக்கு அந்தக் கொள்கை பொருந்தாது. என்றாலும், இங்கே காகிதம் தயார் செய்யக் கற்றுக்கொண்ட பட்டறை, அங்கேயும் அதே ஃபைலை நீட்டலாம்.

“ஆள் வச்சிருக்கவனுக்கு” என்ற பேச்சின் உண்மைப் பாதிக்கு வருவோம். போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசி, உனக்கு இந்த வேலை, எனக்கு அடுத்தது என்று பிரித்துக்கொள்வது எங்கும் நடக்கிறது. புனே மாநகராட்சியின் குப்பைப் பதப்படுத்தும் ஆலைகளுக்கான டெண்டர்களில் இப்படிக் கூட்டுச் சேர்ந்த நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் அபராதம் போட்டது. புகார் கொடுத்தது ஒரு குடிமக்கள் அமைப்பு. வெவ்வேறு நிறுவனங்களின் விலைப்புள்ளிகள் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஏறியிருந்தது காட்டிக் கொடுத்தது. ஆணையத்திடம் போய் உண்மையைச் சொல்லி அபராதத்தைக் குறைக்கக் கேட்டதும் அந்த நிறுவனங்கள்தான். பெட்டி கணினிக்குள் போனால் கூட்டு ஒழிந்துவிடாது. தடயம் மட்டும் மிஞ்சும். அதை யாராவது தேட வேண்டும்.

இந்தக் கூட்டை உடைக்க மாநகராட்சிக்கு எளிய வழி, போட்டிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான். வரும் ஆறு மாதத்தில் என்னென்ன வாங்கப்போகிறோம் என்ற பட்டியலை முன்கூட்டியே வெளியிடலாம். 50 லட்ச ரூபாய்க்கு ஒரே டெண்டராகக் கட்டுவதை, நியாயமான இடங்களில் மண்டலத்துக்கு ஒன்றாகப் பிரிக்கலாம். விதியை ஏமாற்றுவதற்காகத் துண்டு போடுவது வேறு. அதை யாரும் கேட்கவில்லை. பேட்டை தொழிற்பேட்டையிலேயே ஒரு நாள் உட்கார்ந்து, தளத்தில் எப்படி விலை ஏற்றுவது என்று காட்டிக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலுவையில் உள்ள பில்களை வந்த தேதி வரிசையில் இணையத்தில் போட வேண்டும். யாருடைய பில் யாருடையதைத் தாண்டிப் போகிறது என்பதை ஊரே பார்க்கட்டும். ஆணையரும் மாமன்றமும் மனது வைத்தால் இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

பட்டறைக்காரர் அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் கையில் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.