ஆராய்ச்சி செய்பவர் நோயாளியிடம் பணம் கேட்பதில்லை

மன்னார்த் தீவிலோ அதையொட்டிய கரையோரக் கிராமங்களிலோ ஒரு குடும்பத் தலைவர் தீராத நோயில் விழுந்தால், செய்தி முதலில் ரொறன்ரோவுக்கும் பாரிஸுக்கும் லண்டனுக்கும் போகிறது. அங்கிருக்கும் உறவுகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை அனுப்புகின்றன. ஊர்ச் சங்கங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. வங்கிக் கணக்கு இலக்கத்துடன் உதவி கோரும் அறிவித்தல் பத்திரிகைகளில் வெளியாகிறது. இந்த ஈரம் நம் சமூகத்தின் பெருமை. ஆனால் அந்தப் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

மோட்டார் நியூரோன் நோய் எனப்படும் இயக்க நரம்பணு நோய்க்கு 'ஸ்டெம் செல் சிகிச்சை' அளிப்பதாகச் சொல்லும் தனியார் நிலையங்கள் இந்திய நகரங்கள் பலவற்றில் கடை விரித்திருக்கின்றன. குருத்தணு என்று தமிழில் நாம் சொல்லும் அந்த உயிரணுக்களை முதுகுத்தண்டு நீரில் ஏற்றினால், பட்டுப்போன நரம்பு மீண்டும் துளிர்க்கும் என்பது அவர்களுடைய வாக்குறுதி. இந்த நோயைக் குணப்படுத்தும் குருத்தணுச் சிகிச்சை இன்று உலகில் எங்கும் இல்லை. இருப்பது ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சியின் பெயரைக் களவாடி நடப்பது வியாபாரம்.

மூளையிலிருந்தும் முள்ளந்தண்டிலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் மடிந்துகொண்டே போவதுதான் இந்த நோய். கை சோரும், நடை தளரும், பேச்சுக் குழறும், விழுங்குவது கடினமாகும், இறுதியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். பெரும்பாலான நோயாளிகள் நோய்க்குறி தோன்றி 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் இறக்கிறார்கள். அமெரிக்காவில் 1995இல் அனுமதி பெற்ற ரிலுசோல் என்ற மாத்திரை ஆயுளைச் சில மாதங்கள் நீட்டுகிறது. அங்கு 2023இல் அனுமதி பெற்ற டோபர்சென், எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் பழுதுள்ள சிறுபான்மையினருக்கு மட்டுமே உரியது. மருத்துவம் கையை விரிக்கும் இந்த இடத்தில்தான் வியாபாரி கையை நீட்டுகிறான்.

எனக்குத் தெரிந்த ஒரு மீனவக் குடும்பம் இந்த வலையில் விழுந்தது. வலை பொத்தும்போது ஊசி விரலில் நிற்காமல் நழுவியதுதான் அந்த மனிதர் கண்ட முதல் அறிகுறி. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். ஆனால் 1980களில் கப்பல் நின்றுபோன பிறகு அக்கரைக்குப் போகிறவர் தெற்கே கட்டுநாயக்காவுக்கோ வடக்கே பலாலிக்கோ நெடுந்தூரம் சென்று விமானம் ஏற வேண்டியிருந்தது. அவர் மூன்று முறை போய்வந்தார். மனைவியின் நகை போயிற்று. காணி ஈட்டுக்குப் போயிற்று. வெளிநாட்டுப் பணமும் கரைந்தது. மூன்றாம் முறை சக்கர நாற்காலியில் திரும்பினார். அந்த நிலையம் சொன்ன சமாதானம் இது: "ஊசி ஏற்றாதிருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும்."

ஒரு தனி நோயாளியை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தைப் பொய்யென்று யாராலும் நிறுவ முடியாது. அதனால்தான் அதில் இவ்வளவு இலாபம். உண்மையை அறிய ஒரே வழி, ஒரு குழுவினருக்கு மருந்தையும் மற்றக் குழுவினருக்குப் போலி ஊசியையும் கொடுத்து ஒப்பிடுவது. அது நடந்திருக்கிறது. நோயாளியின் எலும்பு மச்சையிலிருந்தே எடுத்துப் பக்குவப்படுத்திய குருத்தணுக்களை முதுகுத்தண்டு நீரில் ஏற்றும் நூரோன் என்ற சிகிச்சையை அமெரிக்காவில் ஏறத்தாழ 200 பேரிடம் சோதித்தனர். 2020இல் முடிவு வெளியானது. நோயின் வேகம் குறிப்பிட்ட அளவு குறைந்தவர்கள் சிகிச்சை பெற்றோரில் சுமார் 33 வீதம். போலி ஊசி பெற்றோரில் சுமார் 28 வீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. 2023 செப்ரெம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் 17 பேர் அதற்கு எதிராகவும் ஒருவர் மட்டும் ஆதரவாகவும் வாக்களித்தனர். அடுத்த மாதமே நிறுவனம் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

அந்த 28 வீதத்தை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். மருந்தே இல்லாத ஊசியைப் பெற்றவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டோருக்கு நோய் மெதுவானது. நிலையங்கள் காட்டும் காணொளிகளில் "எனக்குச் சுகம் தெரிகிறது" என்று கண்ணீருடன் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய சாட்சியம் எதையும் நிறுவுவதில்லை.

இதில் தமிழர் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. 1970இல் மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் சென்னையில் கண்ட ஒரு வகையை விவரித்தனர். இளம் வயதில் தொடங்குவது, கைகால் மெலிவது, முகமும் நாவும் தளர்வது, பலருக்குக் காது மந்தமாவது ஆகியன அதன் குணங்கள். 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' என்றே மருத்துவ உலகம் அதை அழைக்கிறது. பெரும்பாலும் தென்னிந்தியரிடம் காணப்படும் இந்த வகை மிக மெதுவாக நகர்வது. அதனுடன் பல்லாண்டுகள் வாழ்வோர் உண்டு. இப்படியான ஓர் இளைஞனுக்கு ஊசி ஏற்றிவிட்டு, பத்தாண்டுகளுக்குப் பின்னும் அவன் உயிரோடிருப்பதைத் தன் வெற்றியென்று ஒரு நிலையம் பறைசாற்றினால் மறுப்பவர் யார்? இன்னொன்று இதைவிடக் கொடுமையானது. காது மந்தத்துடன் தசைத் தளர்வும் தரும் அரிதான பரம்பரை நோய் ஒன்று இதே சாயலில் வருகிறது. உயிர்ச்சத்து பி2வை உடல் கொண்டுசெல்லும் வழியில் உள்ள மரபணுப் பழுதே அதன் காரணம் என்பது 2010இல் தெரியவந்தது. அதிக அளவில் அந்த உயிர்ச்சத்தைக் கொடுத்தாலே பலர் தேறுகிறார்கள். சரியான நரம்பியல் நிபுணரிடம் போக வேண்டியவன் ஊசி வியாபாரியிடம் போனால், மலிவான மாத்திரையில் மீளக்கூடியவனும் மடிந்துபோகலாம்.

நான் குருத்தணு ஆராய்ச்சிக்கு எதிரானவன் அல்லன். 2006இல் ஷின்யா யமனாகா முதிர்ந்த உயிரணுவை மீண்டும் குருத்தணுவாக்கிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். 2008இல் இந்நோயாளியின் தோலிலிருந்தே இயக்க நரம்பணுக்களை ஆய்வுகூடத்தில் வளர்த்தனர். அப்படி வளர்த்த அணுக்களில் மருந்துகளைச் சோதித்து, ரோபினிரோல் என்ற பழைய மருந்தைத் தெரிவுசெய்த ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தார் 20 நோயாளிகளிடம் நடத்திய ஆரம்பச் சோதனையின் முடிவை 2023இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் இரத்தம் உறையாத நோயுள்ள ஐந்து பேரின் இரத்தக் குருத்தணுக்களில் மரபணுவைச் செலுத்திப் பெற்ற பலனை 2024இல் அறிவித்தனர். ஐந்தே பேர், ஆனால் முடிவு உலகின் முன் வைக்கப்பட்டிருக்கிறது. ஊசி வியாபாரிகள் ஆயிரக்கணக்கானோருக்கு ஏற்றியதாகப் பெருமை பேசுகிறார்கள். அவர்களுடைய முடிவுகள் எங்கே?

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, இரத்த நோய்களுக்குரிய குருத்தணு மாற்றுச் சிகிச்சைக்கு அப்பாற்பட்ட பயன்பாடுகள் அனுமதி பெற்ற சோதனைக்குள் மட்டுமே நடக்கலாம். அதற்காக நோயாளியிடம் கட்டணம் பெறக் கூடாது. விதி ஏட்டில் இருக்கிறது. பற்றுச்சீட்டோ நோயாளியின் கையில் இருக்கிறது.

சாகப்போகிறவரின் நம்பிக்கையைப் பறிக்கலாமா என்று கேட்பார்கள். பறிப்பவர் யார்? எஞ்சிய சில மாதங்களை வீட்டாரோடு கழிக்க வேண்டியவரை அந்நிய நகரத்து விடுதி அறையில் கிடத்துகிறவர்கள்தாம் பறிக்கிறார்கள். முன்பு குருத்தணு ஊசி ஏற்றிக்கொண்டவர்களை உண்மையான சோதனைகள் பலவற்றில் சேர்த்துக்கொள்வதும் இல்லை. ஸ்டீபன் ஹோக்கிங் 1963இல் நோய் கண்டு 2018 வரை வாழ்ந்தார். அவருடைய நோய் மெதுவாக நகர்ந்தது. 1985இல் தொண்டையில் இட்ட துளையும் இரவு பகலான பராமரிப்பும் அவரைக் காத்தன. எந்தக் குருத்தணு ஊசியும் அல்ல.

பணம் செலவிட வேண்டிய இடம் வேறு. முகமூடி வழியே மூச்சுக்குத் துணைசெய்யும் கருவி, விழுங்கும் தசைகள் பெரிதும் கெடாதவர்களின் ஆயுளைச் சுமார் 205 நாட்கள் நீட்டியதாக 2006இல் இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள் காட்டினர். அந்தக் கருவி, அதற்கு மின்தடையில் கைகொடுக்கும் மின்கலம், வயிற்றுக்குழாய் உணவு, எழுத்துப் பலகை, மனைவிக்கு இரவில் சில மணி நேரத் தூக்கம் தரும் ஒரு பராமரிப்பாளர்: ஒரு மன்னார்க் குடும்பத்துக்கு வேண்டியவை இவை.

ஊர்ச் சங்கங்கள் இனிப் பணம் அனுப்புமுன் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இது அனுமதி பெற்ற சோதனையா? நோயாளியிடம் ஏன் பணம் வாங்குகிறீர்கள்? முந்தைய முடிவுகள் எந்த மருத்துவ இதழில் வந்தன? பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை மூச்சுக் கருவிக்குக் கொடுக்கட்டும். தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்களும் இந்த நிலையங்களின் விளம்பரத்தைச் செய்தியாக அச்சிடுவதை நிறுத்தட்டும். உதவி கோரும் அறிவித்தலும் அதே பத்திரிகையில்தான் வருகிறது.