தேமாங்காய் தெரிந்தால் கணிதமும் வரும்

ஏ.எல்லுக்குக் கலைப்பிரிவு எடுத்த நாளிலிருந்து நாங்கள் கேட்கும் வசனம் ஒன்று: "உங்களுக்கு இனிக் கணக்குத் தேவையில்லைத்தானே." கம்பஸ் வந்தும் அது மாறவில்லை. பொறியியல் பீட நண்பர்கள் வரைபுக் கோட்பாடு பற்றிக் கதைத்தால், நாங்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அது எங்கள் பிழை என்று இப்போது நினைக்கிறோம்.

யாப்புப் படித்த எல்லோருக்கும் நேர், நிரை தெரியும். மூன்று அசை சேர்ந்தால், தேமாங்காய் முதல் கருவிளங்கனி வரை எட்டுச் சீர். எட்டே எட்டு அசைகளை வட்டமாக எழுதி, அதற்குள் அந்த எட்டுச் சீரையும் ஒவ்வொரு தரம் மட்டும் வரச் செய்யலாமா?

ஓம், செய்யலாம்: நேர் நேர் நேர் நிரை நேர் நிரை நிரை நிரை. ஒவ்வோர் அசையாக நகர்ந்து மும்மூன்றாக வாசியுங்கள். தேமாங்காய், தேமாங்கனி, கூவிளங்காய், புளிமாங்கனி... எட்டும் வந்துவிடும்.

ஏன்? தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் நாலையும் புள்ளிகளாக வையுங்கள். ஒவ்வொரு மூவசைச் சீரும், தன் முதலிரண்டு அசைகளின் புள்ளியிலிருந்து கடைசியிரண்டின் புள்ளிக்குப் போகும் பாதை. ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ளே வர இரண்டு, வெளியே போக இரண்டு. ஆகவே எல்லாப் பாதையிலும் ஒருதரம் நடந்து திரும்பலாம். 1735இல் ஒயிலர் கோனிக்ஸ்பேர்க்கின் ஏழு பாலங்களிடம் கேட்டதும் இந்தமாதிரிக் கேள்விதான். அங்கே முடியாது, நாலு நிலத்துண்டுக்கும் ஒற்றை எண்ணிக்கையில் பாலங்கள்.

நேரை 0, நிரையை 1 ஆக்கினால் இது 1946இல் டி புருயின் எழுதிய தொடர். முன்பு நடந்ததை நினைவில் வைத்து அடுத்த நிலைக்குப் போகும் தொடர் சுற்றுகள், இப்படியும் எட்டு நிலைகளையும் சுற்றிவர வடிவமைக்கப்படலாம். கணினிகளை இணைக்கவும் இதே படம் உதவும். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு இணைப்பு மட்டும் வெளியே போனாலும், 1024 கணினிகளில் எதிலிருந்தும் எதற்கும் கூடியது 10 தாவலில் போகலாம்.

தமிழர் அன்றே கணினி கண்டார்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கதை எங்களுக்கு வேண்டாம். நாங்கள் மனப்பாடம் செய்த பாடத்துக்குள்ளேயே கணிதம் இருந்திருக்கு. ஒருத்தரும் காட்டவில்லை, நாங்களும் தேடவில்லை. யாப்பு வகுப்பில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். பொறியியல் நண்பர்களையும் கூப்பிடுவோம். அவர்களுக்கும் தேமாங்காய் தெரியட்டும்.