மஷூரா பள்ளிவாசலோடு முடிந்துவிடுவதா?



பத்ருப் போருக்கு முன், நபி (ஸல்) அவர்கள் படையை ஓரிடத்தில் தங்கச் செய்தபோது, ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: இவ்விடம் இறைவனின் கட்டளையா, தங்களின் போர்த்திட்டமா? திட்டம்தான் என்று அறிந்ததும், கிணறுகளை ஒட்டி நகர்வதே நலம் என்று எடுத்துரைத்தார்கள். நபியவர்கள் அதை ஏற்று இடத்தை மாற்றினார்கள். போர் தொடங்குமுன் சொல்லப்பட்டதாலேயே அக்கருத்து பயன் தந்தது.

செஞ்சியில் வாழும் நாம் இந்நிகழ்வை இன்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில், மராட்டியர் காலக் கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழகத்தில் உள்ள ஒரே கோட்டை நம் செஞ்சிக் கோட்டை. ராஜகிரியின் அடிவாரத்தில் சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் தன்னுள் கொண்ட கோட்டை அது. நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் பெருமையோடு சாலைகளும் வாகன நிறுத்தங்களும் விடுதிகளும் வரக்கூடும். அவை எங்கே வரும், யாருடைய வாசலை அடைக்கும், எவருடைய கடையை அகற்றும் என்பதை முடிவு செய்யும் வேளையில் நாம் எங்கே இருப்போம்?

சட்டத்தை அறிந்துகொள்வோம். 2010இல் திருத்தப்பட்ட தொல்சின்னங்கள் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அங்கே 1992 ஜூன் 16க்கு முன்பிருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி பெற வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை எதைக் கட்டுவதானாலும் முன் அனுமதி தேவை. தடைப்பகுதியில் மீறிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மகளின் திருமணத்திற்கு முன் ஓர் அறை கூட்ட நினைக்கும் தந்தைக்கு இது சிறிய செய்தியன்று.

அதே சட்டம் நமக்கு ஒரு வாசலையும் திறந்து வைத்துள்ளது. பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு சின்னத்திற்கும் தனித் துணைவிதிகள் வகுக்கப்பட வேண்டும். அவற்றின் வரைவு பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்பட வேண்டும். கட்டட உயரம், முகப்பு முதலியவை அவற்றில்தான் தீர்மானிக்கப்படுகின்றன. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும், ஓர் ஊருக்கு முழுமைத் திட்டம் தயாராகும்போது, ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் எழுத்தில் தர இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் அளிக்கச் சொல்கிறது. அந்த நாட்களில் எழுதப்படும் ஒரு கடிதம், பிறகு நடத்தப்படும் பத்துப் போராட்டங்களைவிட வலிமை மிக்கது.

ஆயினும் நாம் பேசுவதில்லை. "நம் பெயரில் மனு போனால் வேறு நிறம் பூசிவிடுவார்கள்" என்ற அச்சம் நம்மிடையே உண்டு. அதைக் காரணமற்றது என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் வடிகாலுக்கு மதம் இல்லை. தெருவில் தேங்கும் மழைநீர் எல்லார் வீட்டிலும் நுழைகிறது. அண்டை வீட்டு இந்துச் சகோதரரோடும் கிறிஸ்தவச் சகோதரியோடும் சேர்ந்து கையெழுத்திடும் மனுவிற்கு எவரும் நிறம் பூச இயலாது. பள்ளிவாசல் பிரச்சினைக்கு மட்டும் அலுவலகப் படியேறுவதே நம்மைத் தனித்துக் காட்டுகிறது.

மற்றொரு கசப்பான உண்மையும் உண்டு. அனுமதியின்றி மாடி எழுப்புவதும், பொதுப் பாதையில் படிக்கட்டை நீட்டுவதும் நம்மவரிடமும் உள்ள பழக்கங்களே. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கொண்ட சமுதாயம், இடையூறை உண்டாக்கலாகாது. பிறருடைய கட்டடத்தை ஆட்சேபிக்கும் உரிமை வேண்டுமெனில், நம் கட்டடத்தை அண்டை வீட்டார் ஆட்சேபிக்கும்போது பொறுமையோடு கேட்கவும் வேண்டும்.

என் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் விவரம் அறிந்த இருவரை நியமிக்கட்டும். பேரூராட்சி, நகர் ஊரமைப்பு, தொல்லியல் துறைகளின் அறிவிப்புகளை அவர்கள் கவனித்து, ஜும்ஆவிற்குப் பின் பள்ளிவாசல் பலகையில் எளிய தமிழில் எழுதி வைக்கட்டும். அவ்விருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஹுதைபியாவில் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனைப்படியே நபியவர்கள் நடந்தார்கள். தெருவில் தண்ணீர் எங்கே நிற்கும், பிள்ளைகள் எவ்வழியே பள்ளிக்குச் செல்வார்கள் என்பதை நம் பெண்களைவிட நன்கறிந்தவர் யார்?

அஷ்ஷூரா என்று ஓர் அத்தியாயத்திற்கே பெயர் அமைந்த வேதத்தை ஓதுபவர்கள் நாம். நாம் கலந்தாலோசிக்க வேண்டியவற்றுள் நம் ஊரும் ஒன்று. அடுத்த அறிவிப்பு வெளியாகும் நாளில், இன்ஷா அல்லாஹ், நம் கடிதமும் அங்கே இருக்கட்டும்.